திங்கட்கிழமைக் குற்றவாளி

விடுமுறைக்கு ஊர் திரும்பும் விஞ்ஞான மாணவனுக்கு ஒரு தொல்லை உண்டு. வீட்டில் எது கெட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மிக்ஸி சுற்றவில்லையா? மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லையா? "பௌதிகம் படிக்கிறானே, அவனைக் கேளுங்கள்" என்பார்கள். நாம் வகுப்பில் படிப்பது வேறு, மோட்டாரின் கோளாறு வேறு என்பது அவர்களுக்குத் தெரியாது. "எனக்குத் தெரியாது" என்று சொல்ல நமக்கும் நா எழாது. அப்படி நா எழாமல் நான் செய்த பிழை ஒன்று உண்டு. நண்பர்களே, அதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன். கெட்டது ஒரு வண்டி. அதனால் கெட்டது ஒரு பையனின் பெயர்.

என் தாய்மாமன் மறையூரில் இருக்கிறார். மறையூரை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். இடுக்கி மாவட்டத்தின் வடகோடியில், சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அந்த வெல்லம் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. கடைத்தெருவில் பெயர்ப் பலகைகள் மலையாளத்தில் இருக்கும். பேரம் தமிழில் நடக்கும். மாமாவின் சொத்து ஒரு டீசல் பிக்கப் வண்டி. பழைய வண்டி. எரிபொருளைத் தள்ளும் பம்பு முதற்கொண்டு எல்லாமே பழைய முறை. கணினிப் பெட்டி எதுவும் அதில் இல்லை.

காந்தளூர் மலையில் விளையும் முட்டைக்கோஸ், பீன்ஸ், காரட், பூண்டு ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு, இருட்டுமுன் சின்னாறு காட்டைக் கடந்து, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாகக் கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி, கொல்லங்கோடு போய்ப் பாலக்காடு சேர்வார். கேரளத்தில் ஏற்றிய சரக்கு கேரளத்தில்தான் இறங்குகிறது; வழி மட்டும் தமிழ்நாடு. விடியுமுன் சரக்கை இறக்கிவிட்டு, அரிசி மூட்டைகளோடு மறுநாள் பகலில் ஊர் திரும்புவார். சனிக்கிழமை பகல் முதல் திங்கட்கிழமை காலை வரை வண்டிக்கும் மாமாவுக்கும் ஓய்வு.

இந்தப் பாதை ஒரு பாட்டரிக்கு எவ்வளவு பெரிய சோதனை என்பதை எண்ணிப் பாருங்கள். கோடையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். காந்தளூரோ ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியற்காலையில் அங்கே கை விறைக்கும். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று நாம் படித்திருக்கிறோம். பாட்டரிக்குள் நடக்க வேண்டிய வினைக்கு மட்டுமன்று, நடக்கக் கூடாத வினைகளுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். வெப்பத்தில் ஈயத் தகட்டின் சட்டம் அரிக்கப்படுகிறது, நீர் வற்றுகிறது. பாதி உயிரோடு மலை ஏறும் பாட்டரி அங்கே குளிரில் அகப்பட்டுக்கொள்கிறது. குளிரில் அதன் வலிமை குறைகிறது. எஞ்சின் எண்ணெயோ கெட்டியாகி, சுழற்றுவதற்கு அதிக வலிமை கேட்கிறது. வெயில் செய்த கொலையைக் குளிர் காட்டிக் கொடுக்கிறது என்று சொல்லலாம்.

அதிலும் டீசல் எஞ்சினுக்குப் பசி அதிகம். பெட்ரோல் எஞ்சினில் ஒரு தீப்பொறி போதும். டீசல் எஞ்சினில் தீப்பொறியே கிடையாது. காற்றை அதன் கொள்ளளவில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கி, அந்த நசுக்கலில் எழும் சூட்டிலேயே எண்ணெயைப் பற்ற வைக்க வேண்டும். நசுக்கும் வேலையைத் தொடக்கத்தில் செய்வது 'செல்ஃப்' என்று நாம் சொல்லும் ஸ்டார்ட்டர் மோட்டார். அது சில விநாடிகளுக்குப் பல நூறு ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். மலை ஓட்டுநர்கள் வண்டியை இறக்கத்தில் முகம் பார்த்து நிறுத்துவது இதனால்தான். செல்ஃப் எடுக்காவிட்டால் இறக்கம் எடுத்துக்கொடுக்கும்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

சென்ற கார்த்திகையில் மாமாவின் பழைய பாட்டரி ஒருநாள் காலையில் செத்தது. நான்கு ஆண்டு உழைத்த பாட்டரி. அதன் சாவு இயற்கையானது. பக்கத்து வீட்டு ஜீப்பிலிருந்து கம்பி கொடுத்து வண்டியை எழுப்பினார்கள். கடன் வாங்கி 75 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள புதிய பாட்டரி போட்டார் மாமா. இரண்டு வாரம் ஓடியது. மூன்றாம் திங்கட்கிழமை காலையில் செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. பாட்டரிக் கடையில் சோதித்துப் பார்த்து, பாட்டரி நல்ல பாட்டரிதான் என்றார்கள். அடுத்த திங்கட்கிழமையும் அதே கதை. அன்று ஜீப்பு கிடைக்கப் பத்து மணி ஆயிற்று. காந்தளூரில் காத்திருந்த விவசாயி முட்டைக்கோஸை வேறு வண்டியில் ஏற்றிவிட்டார். ஒரு லோடு போயிற்று.

நான் விடுமுறைக்குப் போய்ச் சேர்ந்தது அந்த வாரத்தில்தான்.

வண்டியில் ஒரு கிளீனர் பையன் இருந்தான். பத்தொன்பது வயது. உடுமலைப் பக்கத்துக் கிராமம். வாரம் ஒரு நாள் ஓய்வுக்காகப் பேருந்துக் கட்டணம் கொடுத்து ஊர் போவானேன் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியின் முன் அறையிலேயே படுத்துக்கொள்வான். இதில் ஓர் உண்மை யாருடைய கண்ணிலும் படக்கூடியதாக இருந்தது: பாட்டரி சாவது திங்கட்கிழமை காலையில், அதற்கு முன்னிரவு வண்டிக்குள் இருப்பவன் பையன் ஒருவனே.

"ராத்திரி முழுக்க லைட்டைப் போட்டுக்கிட்டுப் பாட்டுக் கேக்கறான் மாப்பிள்ளே. வேற என்ன? நீயே ஒருக்கா பாத்துச் சொல்லிரு" என்றார் மாமா.

செவ்வாய்க்கிழமை பகலில் வண்டி பாலக்காட்டிலிருந்து திரும்பி வந்து நின்றது. நான் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஊரார் நாலு பேர் சுற்றி நின்றார்கள். பாட்டரியின் இரு முனைகளிலும் ஊசிகளை வைத்தேன். 12.7 வோல்ட். ஈய அமிலப் பாட்டரியின் ஓர் அறை 2.1 வோல்ட் தரும்; ஆறு அறைகளுக்கு 12.6. ஆகவே பாட்டரி நிறைந்திருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு மறுபடி வைத்தேன். 14.1 வோல்ட். ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் டைனமோ நன்றாகச் சார்ஜ் செய்கிறது என்று பொருள். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது.

"வண்டியில் ஒரு குறையும் இல்லை மாமா" என்றேன்.

அந்த ஒரு வாக்கியம்தான் தீர்ப்பு. வண்டியில் குறை இல்லை என்றால் குறை யாரிடம்? எல்லாரும் பையனைப் பார்த்தார்கள்.

அவன் மெதுவாகச் சொன்னான்: "லைட்டு போடலைங்கண்ணா. போன்லதான் பாட்டுக் கேட்டேன். திங்கக்கிழமை விடியக்காலம் தண்ணி பாக்க பானெட்டைத் தூக்கினேனுங்க. மத்ததெல்லாம் சில்லுனு இருந்துச்சு. டைனமோ மட்டும் வெதுவெதுன்னு இருந்துச்சுங்க."

"எஞ்சின் சூடு தம்பி. ஆறுவதற்கு நேரம் ஆகும்" என்றேன் நான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன லோடுக்காக அவன் சம்பளத்தில் இரண்டாயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டு, மீதியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார் மாமா. அன்று மாலைப் பேருந்தில் பையன் போய்விட்டான். நான் இரண்டு நாள் இருந்துவிட்டு விடுதிக்குத் திரும்பினேன்.

பையன் போன பிறகு மூன்று வாரம் வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. "பாத்தியா மாப்பிள்ளே, களை எடுத்தாச்சு, பயிர் நல்லா இருக்குது" என்று மாமா தொலைபேசியில் சொன்னார். எனக்குப் பெருமையாகவே இருந்தது. அந்த மூன்று வாரமும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெருக்கடியில் வண்டி ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வின்றி ஓடியது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு ஊர் போனேன். வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, இரண்டு நாள் அசையாமல் நிறுத்தியிருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் மாமா சாவியைத் திருப்பினார்.

'டக்.'

மாமா என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன். முன் அறையில் படுத்திருக்க யாரும் இல்லை. விளக்கு எரியவில்லை. பாட்டும் ஒலிக்கவில்லை. அவன் சொன்னது அப்போதுதான் என் காதில் மறுபடி கேட்டது. பானெட்டைத் தூக்கி எஞ்சினைத் தொட்டேன். மலைக் கல்லைப்போல் குளிர்ந்திருந்தது. அதன் பக்கத்திலேயே இருந்த டைனமோவைத் தொட்டேன். இலேசான சூடு, உள்ளங்கைக்குத் தெரியும் அளவுக்கு. இரண்டு இரவும் ஒரு பகலும் நின்ற வண்டியில் எஞ்சின் சூடு எங்கிருந்து வரும்? ஒரு ஸ்குரூ டிரைவரை அதன் பின்புறத்தில் வைத்தேன். காந்தத்தில் ஒட்டுவதுபோல் ஒட்டிக்கொண்டது. சாவி அணைந்த வண்டியில் டைனமோ காந்தமாக இருந்தது!

அன்று நான் அளந்த முறையில் இருந்த குறைகளை, உங்களில் யாராவது என்னைப்போல் ஒருநாள் மீட்டரோடு வண்டியின் முன் நிற்க நேரலாம் என்பதால், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, நான் அளந்த நேரம் தவறு. ஐந்தாறு மணி நேரம் ஓடி வந்து நின்ற வண்டியில் பாட்டரி எப்போதும் நிறைந்ததாகவே தோன்றும். தகடுகளின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ் மீட்டரை ஏமாற்றிவிடும். பாட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.8 என்றால் ஒன்றுமில்லை. நோய் திங்கட்கிழமை காலையில் வருகிறது. நானோ செவ்வாய்க்கிழமை பகலில் நாடி பிடித்தேன்.

இரண்டாவது, சுமை ஏற்றாமல் அளந்தேன். வண்டி ஓடும்போது விளக்குகள், துடைப்பான், விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளக்க வேண்டும். அப்போதும் 13.5க்குக் குறையாமல் நின்றால் சார்ஜ் செய்யும் அமைப்பு சரி. பொங்கல் நாளில் ஜீப்பிலிருந்து கம்பி கொடுத்து எழுப்பி அப்படிச் செய்து பார்த்தேன். 14.1 என்று காட்டிய அதே மீட்டர் மெல்ல இறங்கி 12.6இல் வந்து நின்றது. சும்மா நிற்கும் மாட்டைப் பார்த்து அது எவ்வளவு பாரம் இழுக்கும் என்று சொல்ல முடியுமா?

மூன்றாவது, வண்டி தூங்கும்போது பாட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் வெளியே போகிறது என்பதை நான் அளக்கவேயில்லை. சாவியை எடுத்துவிட்டு, கதவுகளைச் சாத்திவிட்டு, பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, அந்தக் கம்பிக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணைக்க வேண்டும். (அந்த நிலையில் மறந்தும் செல்ஃபைத் திருப்பக் கூடாது, மீட்டர் போய்விடும்.) நல்ல வண்டியில் ஆம்பியரில் சில நூறில் ஒரு பங்குதான் காட்டும். மாமாவின் வண்டியில் 1.6 ஆம்பியர் காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். விளக்குக்கு உரியது, ஹாரனுக்கு உரியது, பாட்டுப் பெட்டிக்கு உரியது. எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் 1.6 அசையவில்லை. கடைசியில், பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, டைனமோவின் பின்னால் உள்ள தடித்த கம்பியையும் பக்கத்துச் சிறு கம்பியையும் கழற்றி ஒதுக்கினேன். மறுபடி மீட்டரை இணைத்தபோது 0.02 என்று காட்டியது.

சனிக்கிழமை பகல் முதல் திங்கட்கிழமை காலை வரை ஏறத்தாழ 40 மணி. 1.6ஐ 40ஆல் பெருக்கினால் 64. பாட்டரியின் கொள்ளளவு 75. மிச்சம் என்ன இருக்கும்?

நான்காவது குறைதான் என்னை இன்றும் வெட்கப்பட வைக்கிறது. முன் அறை விளக்கு 5 வாட். 12 வோல்ட்டில் அது அரை ஆம்பியருக்கும் குறைவு. கைபேசிக்குச் சார்ஜ் போட்டிருந்தால் இன்னும் ஓர் ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பாட்டுப் பெட்டிக்கும் ஓர் ஆம்பியர். மூன்றையும் சேர்த்து நான்கு மணி நேரம் பயன்படுத்தியிருந்தாலும் 10 ஆம்பியர்-மணிதான் செலவாகும். 75இல் 10 போனால் வண்டி எழாமல் இருக்காது. அதாவது, மாமா சொன்ன குற்றத்தைப் பையன் உண்மையிலேயே செய்திருந்தாலும் பாட்டரி செத்திருக்காது. இது பத்தாம் வகுப்புக் கணக்கு. முதுகலை படிக்கும் நான் அன்று அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

டைனமோவைக் கழற்றி உடுமலையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொண்டுபோனோம். நாம் டைனமோ என்று சொல்லும் அது உண்மையில் ஆல்டர்னேட்டர். 1831இல் ஃபாரடே கண்ட விதிப்படி, காந்தம் சுழன்றால் சுற்றி நிற்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. நம் இடுக்கி மாவட்டத்து மூலமற்றத்தில், மலைக்குள் குடைந்த நிலையத்தில் ஆறு எந்திரங்கள், ஒவ்வொன்றும் 130 மெகாவாட், இதே விதிப்படிதான் சுழல்கின்றன. அங்கே தண்ணீர் சுழற்றுகிறது. இங்கே பெல்ட் சுழற்றுகிறது. இரண்டிலும் பிறப்பது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். பாட்டரிக்கோ ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். ஆகையால் வண்டியில் சிலிக்கன் டயோடுகள் வாசல் காக்கின்றன. உள்ளேயிருந்து பாட்டரிக்குப் போகலாம். பாட்டரியிலிருந்து திரும்பி வரக் கூடாது. மலிவான, உறுதியான சிலிக்கன் டயோடுகள் வந்த பிறகே கார்களில் பழைய டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டு வாலியன்ட் காரில் அதைப் பொருத்தியது. பொருள் மாறியும் நம் பட்டறைகளில் பெயர் மாறவில்லை.

எலக்ட்ரீஷியன் டயோடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். நல்ல டயோடு ஒரு திசையில் வழி விடும்; மறுதிசையில் மறுக்கும். ஒன்று மட்டும் இரண்டு திசையிலும் வழி விட்டது. வாசல்காரன் தூங்கிவிட்டான்! வண்டி நின்றிருக்கும்போதெல்லாம் பாட்டரியின் மின்சாரம் அந்த வாசல் வழியே உள்ளே புகுந்து, காந்தச் சுருளில் ஓடி, வெறும் சூடாகக் கரைந்துகொண்டிருந்தது. பையன் கையில் பட்ட வெதுவெதுப்பு அதுதான்.

"இது எப்படிங்க போச்சு?" என்று மாமா கேட்டார்.

எலக்ட்ரீஷியன் திருப்பிக் கேட்டார்: "வண்டி ஓடிக்கிட்டு இருக்கறப்போ பாட்டரி டெர்மினலைப் பிடுங்கினீங்களா?"

மாமா பேசவில்லை. கார்த்திகையில், பழைய பாட்டரி செத்த அன்று, ஜீப்பிலிருந்து கம்பி கொடுத்து எழுப்பிய உடனே, டைனமோ நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அவர்தான் டெர்மினலைப் பிடுங்கினார். "எஞ்சின் நிக்கலை பாரு, டைனமோ பிரமாதம்" என்று எல்லாரிடமும் சொன்னார். அது உண்மையான டைனமோ காலத்தில் தோன்றிய பழக்கம். எத்தனையோ பட்டறைகளில் இன்றும் செய்கிறார்கள். ஆல்டர்னேட்டருக்கு அது ஆகாது. பாட்டரி ஒரு குளத்தைப் போன்றது; வரும் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது குளத்தைத் திடீரென்று அகற்றினால், கண் இமைக்கும் நேரத்துக்கு வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறும். அந்த அடியை டயோடுகள்தான் வாங்க வேண்டும். மேலும் ஒரு வேடிக்கை: மாமாவின் பழைய டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு அதற்கு மின்சாரமே வேண்டாம். டைனமோ அடியோடு கெட்டிருந்தாலும் எஞ்சின் நின்றிருக்காது. ஆகவே அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை; ஒன்றைக் கெடுத்தது மட்டுமே அது செய்த வேலை.

மாமா பிடுங்கியதால்தான் டயோடு போயிற்று என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பழைய வண்டியின் சூட்டில் அது தானாகவே போயிருக்கலாம். ஒரு முறை அவசரத் தீர்ப்புச் சொன்னவன், இன்னொரு முறை சொல்ல அஞ்சுகிறேன். பையன் குற்றமற்றவன் என்பது மட்டும் உறுதி.

டயோடுத் தகட்டை மாற்றினோம். ஆன செலவு, பையனிடம் பிடித்த பணத்தைவிடக் குறைவு.

அங்கிருந்து அவன் ஊர் தொலைவில் இல்லை. மாமா வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிப் போனேன். ஓட்டு வீடு. அவன் தாய் திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அவன் உள்ளேயிருந்து வந்து, "வாங்கண்ணா" என்றான். டயோடு கதையை நான் தொடங்கினேன். பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ சூடு இருந்தது நிசந்தானுங்களா?" என்றான்.

"நிசந்தான் தம்பி. நீ சொன்னபோது நான் கேட்டிருக்க வேண்டும்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தாய்தான் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இதை அந்த ஊர்ல நாலு பேருக்கு முன்னாலே சொல்லுவீங்களா? அங்கதானே சொன்னீங்க."

இரண்டாயிரம் ரூபாயை நீட்டினேன். அவன் எண்ணிப் பார்த்துத் தாயிடம் கொடுத்தான். மறுபடி வேலைக்கு வரும்படி மாமா கேட்பதாகச் சொன்னேன். "இல்லைங்கண்ணா. பொள்ளாச்சிச் சந்தையிலே லோடு ஏத்தப் போறேன். அங்கேயே இருந்துக்கறேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தேநீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு எழுந்தேன்.

வண்டியில் திரும்பி வரும்போது மாமாவும் நானும் அதிகம் பேசவில்லை. சின்னாறு காட்டுக்குள் ஒரு வளைவில் யானைக் கூட்டம் பாதையைக் கடந்துகொண்டிருந்தது. முன்னால் நின்ற வண்டிகள் எஞ்சினை அணைத்தன. மாமாவும் அணைத்தார். யானைகள் போன பிறகு சாவியைத் திருப்பினார். ஒரே சுழற்சியில் எஞ்சின் எழுந்தது. "நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு சிறிது தூரம் போனபின், "அந்தப் பையன் தண்ணி, ஆயில் எல்லாம் சொல்லாமயே பாத்து வச்சிருவான்" என்றார்.

மறுநாள் காலையில் ஜீப்புக்காரர் வீட்டு முன்னால், அன்று சிரித்தவர்களில் மூன்று பேர் இருக்கும்போது, நடந்ததைச் சொன்னேன். டயோடு என்றால் என்ன என்று கேட்டார்கள், விளக்கினேன். பையனைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானே மறுபடியும் சொன்னேன்: "லைட்டு போட்டது அவன் இல்லை. நான் அளந்ததுதான் தப்பு." ஒருவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். பழி பரவும் வேகத்தில் அதன் மறுப்பு பரவுவதில்லை.

நண்பர்களே, நாம் ஆய்வுக்கூடத்தில் மீட்டரைப் படிக்கக் கற்கிறோம். பிழை வரம்பைக் கணக்கிடக் கற்கிறோம். அங்கே நம் அளவு தவறினால் மதிப்பெண் குறையும், மறுபடி அளக்கலாம். ஊரில் நம் கையில் அதே மீட்டர் இருக்கும்போது நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். நாம் சொல்வதை விஞ்ஞானம் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நோயையும் அதன் காரணத்தையும் தேடிய பிறகே மருந்தைத் தேட வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்குச் சொன்ன முறையை நான் பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நோயாளியின் பக்கத்தில் இரவெல்லாம் இருந்தவன் சொன்ன ஒரே ஒரு செய்தியை என் காது வாங்கவில்லை. அவன் கிளீனர், நான் முதுகலை மாணவன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவன் கையில் மீட்டர் இல்லை, கை இருந்தது. அன்று வண்டியைச் சரியாக அளந்தவன் அவன் ஒருவனே.

இப்போது விடுமுறைக்கு ஊர் போனால், எது கெட்டாலும் கூப்பிடுகிறார்கள். போகிறேன். மீட்டரை எடுக்குமுன், அந்தப் பொருளை நாள்தோறும் கையாளுகிறவர் யார் என்று கேட்டு, அவரை முதலில் பேசவிடுகிறேன்.